கடல் நடுவே ஒரு சிஸ்டர்



முன்வரிசைகளில் செவிலியர் கல்லூரி மாணவியரும் மாணவரும் நிறைந்திருக்கிறார்கள். கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்த நாள் மனத்தில் இன்னும் பசுமையாக இருக்கும் வயது. அவர்களை முன்னிட்டு, இந்தப் பேச்சு ஒரு சின்னப் பொருளிலிருந்து தொடங்கட்டும். அது ஐஸ் பேக்.

தடுப்பூசி நாளின் காலை. துணை சுகாதார நிலையத்துச் செவிலியரான ஏ.என்.எம். ஃப்ரீசரிலிருந்து நான்கு ஐஸ் பேக்குகளை எடுக்கிறார். எடுத்த கையோடு பெட்டிக்குள் அடுக்கிவிடுவதில்லை. மேசைமேல் பரப்பிவைத்துக் காத்திருக்கிறார். மேலே பூத்திருக்கும் வெண்பனி மெல்லக் கரைந்து, வியர்வைபோல நீர் அரும்புகிறது. ஒன்றைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே தண்ணீர் அலையும் சத்தம் கேட்டால்தான் அது கேரியருக்குள் போகும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஏன் இத்தனை பொறுமை? கல்லாக உறைந்த ஐஸ் பேக் பக்கத்திலிருக்கும் குப்பியையும் உறையவைத்துவிடும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும். பிறகு இளகி நின்றாலும் பார்ப்பதற்குப் பழைய மருந்துபோலவே இருக்கும். சூடு பட்டாலும் ஆபத்துதான். அதற்குக் காவலாகக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வெளிர்ந்த சதுரமும் அச்சிட்டிருப்பார்கள். சூடு ஏற ஏறச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு. இரண்டுக்கும் நடுவே மருந்தைக் குழந்தையிடம் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது அந்த ஒருவரின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் இந்தப் பெட்டி டூ-வீலரில் இருபது நிமிடம் போகும். அந்தமான் நிக்கோபாரில் அதே பெட்டி, அதே நான்கு ஐஸ் பேக்குகளோடு, ஜெட்டியில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். அலை தணிய வேண்டும். மறு கரையில் இறங்கி நடக்க வேண்டும். கார் நிக்கோபார் மக்களிடையே ஹெபடைடிஸ் பி தொற்று மிக அதிகமாக இருப்பதை 1990களில் மருத்துவ ஆய்வுகள் காட்டின. அதனால் தேசம் முழுவதற்கும் இந்தத் தடுப்பூசி வருமுன்பே, அந்தத் தீவின் மூஸ், சக்சுக்கா என்ற இரண்டு ஊர்களில் அது போட்டுப் பார்க்கப்பட்டது. தாயிடமிருந்து தொற்று இறங்காமல் தடுக்க, முதல் டோஸ் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். தீவில் அந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளையின் அருகில் இருக்கக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், விடை பெரும்பாலும் ஒரே ஆள்தான். மக்கள் அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள்.

தீவுகளின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். வடக்கு முனையிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை 700 கிலோமீட்டருக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் அதில் ஏறக்குறைய 15 சதவீதம். மேல்சிகிச்சைக்கு எல்லாத் தீவுகளும் அண்ணாந்து பார்ப்பது போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையைத்தான். (அந்த நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது, பேச்சில் இன்னும் பழைய பெயரே புழங்குகிறது.) மாயாபந்தரில் ஒரு மாவட்ட மருத்துவமனை, கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரில் ஒன்று. அதற்குக் கீழே சமுதாய, ஆரம்ப சுகாதார நிலையங்கள். அதற்கும் கீழே துணை நிலையங்கள். தென்கோடியிலுள்ள கேம்ப்பெல் பே-யிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வர, இடையில் தீவு தீவாக நின்று வந்தால், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஹெலிகாப்டர் உண்டு. ஆனால் பருவமழையில் மேகம் கீழே இறங்கிவிட்டால் அதை நம்பியிருக்க முடியாது.

துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேர் என்று நாட்டில் ஒரு விதி இருக்கிறது. தலையெண்ணிப் போட்ட விதி. 2011இல் சௌரா தீவில் இருந்தவர்கள் 1,300 பேருக்குள்தான். விதியை அப்படியே வைத்தால் அரை துணை நிலையம்கூட அங்கே தேறாது. ஆனால் சௌராவைச் சுற்றி நிற்பது கடல். கடலை எந்தத் தலைக்கணக்கில் சேர்ப்பது? தீவுகளில் செவிலியர் பணியிடம் என்பது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை மணி நேரம் தனித்திருக்க நேரும் என்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட வேண்டியது.

இங்கேதான் இந்தப் பேச்சின் மைய வருத்தம் இருக்கிறது. நம் நாட்டில் செவிலியர் படிப்புக்குப் படிகள் உண்டு. ஏ.என்.எம். 2 ஆண்டு. ஜி.என்.எம். 3 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. அதற்கு மேல் எம்.எஸ்சி. நான்கு ஆண்டும் ஆறு ஆண்டும் படித்தவர்கள் இருப்பது எங்கே? பெரிய மருத்துவமனையில், கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வரும் வார்டில். பக்கத்திலேயே இன்னொரு சிஸ்டர், இன்சார்ஜ், ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் உண்டு. இரண்டு ஆண்டு படித்தவரையே பெரும்பாலும் கடல் தாண்டி அனுப்புகிறோம். யாரும் இல்லாத இடத்தில் முடிவெடுக்கச் சொல்கிறோம். படிப்பு குறையக் குறைய அனுப்பும் தூரம் கூடுகிறது. இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்யவில்லை. தானாக இப்படி அமைந்துவிட்டது. தானாக அமைந்ததைத் திருத்தாமல் விட்டது நம் குற்றம்.

ஆனாலும் அந்த ஏ.என்.எம். படிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் அந்தமானே சாட்சி.

சாந்தி தெரசா லாக்ரா நடு அந்தமானின் ரங்கத் பகுதியைச் சேர்ந்தவர். ஓராவோன் பழங்குடிக் குடும்பம். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டவும் சாலை போடவும் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகளின் வழிவந்தவர்களைத் தீவில் 'ராஞ்சி' ஆட்கள் என்று சொல்வார்கள். அந்தச் சமூகத்துப் பெண் ஏ.என்.எம். படித்து, 2001இல் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்குக்கு வேலைக்குப் போனார். ஓங்கே மக்கள் வாழும் இடம் அது.

ஓங்கே மக்களின் எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்த வேலையின் கனம் புரியும். 1901இல் 672 பேர் என்று மதிப்பிடப்பட்டவர்கள், 2011 கணக்கெடுப்பில் 101 பேர். அங்கே ஒரு பிரசவம் நல்லபடியாக நடந்தால் ஒரு இனத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுகிறது. ஒரு சிசு இறந்தால் அதே அளவு குறைகிறது. 2008 டிசம்பரில், கரையொதுங்கிய புட்டியிலிருந்த நச்சுத் திரவத்தைச் சாராயம் என்று நினைத்துக் குடித்து டுகாங் கிரீக்கில் எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரே நாளில் பன்னிரண்டில் ஒருவர் போனதற்குச் சமம்.

லாக்ரா போன புதிதில் அந்த மக்கள் விலகியே நின்றார்கள். வெளியாள், வெள்ளை மாத்திரை, ஊசி. அவர்கள் விலகியதில் நியாயமும் இருந்தது. வெளியாட்கள் கொண்டுவந்த நோயால் அந்தமானின் ஆதிகுடிகள் அழிந்த கதை ஒன்றரை நூற்றாண்டு நீளம். லாக்ரா அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டார். எந்தப் பாடத்திட்டத்திலும் அந்த மொழிக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. குடிசை குடிசையாகப் போய்ப் பழகி, கர்ப்பிணிகள் தன்னைத் தேடி வரும் நிலையைக் கொண்டுவந்தார்.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த காலை. கடல் உள்வாங்கியதைக் கண்ட ஓங்கே மக்கள் மேட்டுநிலம் ஏறிவிட்டார்கள்; அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் குடியிருப்பு போய்விட்டது. ஜெட்டிகள் உடைந்து, தீவுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடந்த நாட்கள். காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கிய மக்களோடு லாக்ராவும் இருந்து பணி செய்தார். அவர்களை அடைய மணிக்கணக்கில் காட்டிலும் கரையிலும் நடந்தார். தன் சின்னக் குழந்தையைக் குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு அந்த வேலையைத் தொடர்ந்தார். 2010இல் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது. 2011இல் பத்மஸ்ரீ. செவிலியர் ஏணியின் அடிப்படியில் நிற்கும் ஒரு ஏ.என்.எம். குடியரசுத் தலைவர் கையால் பத்மஸ்ரீ வாங்கிய காட்சி நம் செவிலியர் பள்ளி ஒவ்வொன்றின் சுவரிலும் மாட்டப்பட வேண்டிய படம்.

படம் மாட்டுவது சுலபம். அவருக்கு நேர்ந்த தனிமையை அடுத்து வருபவருக்குக் கொஞ்சம் குறைப்பதுதான் கஷ்டம். பேச்சு இனி அதைப் பற்றி.

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்தபின், கருப்பை சுருங்கிக் கெட்டிப்பட வேண்டும். கையை அடிவயிற்றில் வைத்தால் கிரிக்கெட் பந்துபோல உருண்டு தட்டுப்பட வேண்டும். தளர்ந்து, பிசைந்த மாவுபோல இருந்தால், ரத்தம் நிற்காது. கவனிக்காமல் விட்ட கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் தாயின் உயிரைக் குடித்துவிடும். லிட்டில் அந்தமானின் ஹட் பே-யிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் பயணம் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. ஆகவே அந்த இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய அத்தனையும் அந்த அறையிலேயே நடந்தாக வேண்டும். கருப்பையை விடாமல் தேய்த்துவிட வேண்டும். ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். நரம்பில் ஊசி ஏற்றித் திரவம் விட வேண்டும். எத்தனை மணிக்கு எதைப் போட்டோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். பேப்பரைத் தேட நேரமில்லாவிட்டால் கையுறைமேலேயே பேனாவால் குறிக்கும் சிஸ்டர்கள் உண்டு.

ஒருகாலத்தில் இந்த ஊசியை மருத்துவர் உத்தரவு இல்லாமல் ஏ.என்.எம். போடலாமா என்பதே கேள்வியாக இருந்தது. 2000களின் நடுவில்தான் மத்திய அரசு இதற்கு வழிவிட்டது. பேறுகாலத் திறன் பயிற்சி பெற்ற ஏ.என்.எம். ஆக்ஸிடோசினும் மிசோப்ரோஸ்டாலும் தரலாம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் முதல் டோஸ் மக்னீசியம் சல்ஃபேட் போடலாம். பயிற்சி மூன்று வாரம். மிகச் சிறிய திருத்தம், எத்தனையோ தாய்மாரைக் காத்த திருத்தம். அதிலும் தீவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நிக்கோபாரின் சிறு தீவுகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருப்பவை. கரண்ட் போன இரவில் ஃப்ரிட்ஜில் இருந்த மருந்து எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அந்த சிஸ்டரே கணிக்க வேண்டும். மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்குக் குளிர் தேவையில்லை. சூட்டைத் தாங்கும் கார்பெட்டோசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தீவின் மருந்துப் பட்டியல் தீவை நினைத்து எழுதப்பட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் இதே தனிமை இருந்தது. அங்கே பறக்கும் மருத்துவர் சேவை 1928இல் தொடங்கியது. விமானம் வந்துசேரும் வரை என்ன செய்வது? 1942 முதல் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கும் நிலையங்களுக்கும் ஒரே மாதிரியான மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். வானொலியில் மருத்துவர் நோயாளியின் நிலையைக் கேட்டு, இந்த எண்ணில் இரண்டு மாத்திரை கொடு என்பார். பெட்டியைத் திறப்பவர் மருந்தின் பெயரை வாசிக்கத் திணற வேண்டியதில்லை. பின்னாளில் மத்திய ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறச் செவிலியர்களுக்கென்று ஒரு சிகிச்சைக் கையேடு வந்தது. இந்த அறிகுறி கண்டால் இந்த மருந்து, இந்த அளவு, இந்த நேரத்தில் மருத்துவரைக் கூப்பிடு என்று வரிவரியாகச் சொல்லும் கையேடு. அதன்படி நடந்த செவிலியருக்குச் சட்டத்தின் பின்பலமும் உண்டு. செவிலியர் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்துவிட்டு, மறுநாள் விசாரணைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் நிலை இல்லை.

நம் சட்டம் இந்தத் திசையில் தயங்கித் தயங்கித்தான் வருகிறது. 1947இல் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலையை எடுத்துச் சொன்னது. 2018இல் துணை நிலையங்களுக்கு சமுதாய சுகாதார அதிகாரி என்ற புதுப் பதவி வந்தது. நர்சிங் படித்தவர் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் என்று அன்றாட நோய்களைப் பார்க்கலாம். அதே ஆண்டு பேறுகாலச் செவிலியர் வல்லுநருக்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. 18 மாதப் பயிற்சி. சிக்கலில்லாத பிரசவத்தை அவர்களே தலைமையேற்று நடத்துவார்கள். 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 32ஆம் பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் வைத்தபோது மருத்துவர்கள் நாடெங்கும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2023இல் பழைய கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு தேசிய செவிலியர், பேறுகாலச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது.

மருத்துவர்களின் அச்சத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். அரைகுறைப் பயிற்சியோடு மருந்து எழுதத் தொடங்கினால் ஆபத்து என்பது உண்மை. ஆனால் அந்த அச்சம் சென்னையிலும் டெல்லியிலும் இருந்து பேசும்போது ஒரு பொருள், நிக்கோபாரின் கச்சால் தீவில் இருந்து பேசும்போது வேறு பொருள். கச்சாலில் கேள்வி மருத்துவரா, செவிலியரா என்பதாக வருவதில்லை. செவிலியரா, யாருமே இல்லையா என்றே வருகிறது. அப்படியிருக்க, அந்தச் செவிலியருக்கு முழுப் பயிற்சியும் உரிய அதிகாரமும் சேர்த்துத் தருவதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு.

கச்சால் என்றதும் இன்னொரு நினைவு. 1970களில் இலங்கையின் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் சில, ரப்பர் தோட்டத்துக்காக அந்தத் தீவில் குடியமர்த்தப்பட்டன. கண்டியையும் நுவரெலியாவையும் பார்த்த மக்கள் நிக்கோபாரியரோடு அயலாராக வாழ்ந்தார்கள். சுனாமியில் மிகக் கொடிய அடி வாங்கிய தீவுகளில் கச்சாலும் ஒன்று. அங்கே பணியேற்கும் செவிலியருக்குத் தமிழும் தெரிய வேண்டும், இந்தியும் தெரிய வேண்டும், நிக்கோபாரி மொழியும் கொஞ்சமாவது காதில் விழுந்திருக்க வேண்டும். நிக்கோபாரியரின் 'துஹெத்' என்னும் கூட்டுக்குடும்பத்தில் முடிவெடுப்பவர் பல நேரம் நோயாளி இல்லை, குடும்பத்து மூத்தவர். மேல்சிகிச்சைக்குக் கப்பலேற்ற வேண்டுமென்றால் முதலில் யாரிடம் பேச வேண்டும் என்பதைத் தெரிந்திருப்பதும் செவிலியர் கல்விதான்.

பாடப்புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானைக்கால் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை இரவில் எடுக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம் ஊர்களில் அந்தக் கிருமியின் குஞ்சுகள் பகலில் பதுங்கியிருந்து இரவில்தான் தோலருகே உள்ள ரத்தத்தில் மிதக்கும். சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு வீடு வீடாகப் போவது அதற்குத்தான். நான்கௌரி தீவுக் கூட்டத்தில் கதை வேறு. அங்குள்ள வகை பகலிலும் ரத்தத்தில் உலாவும். அதைப் பரப்புவதும் பகலில் கடிக்கும் காட்டுக் கொசு. நம் ஊரில் கற்ற பாடத்தை அப்படியே எடுத்துப்போனவர் பகல் முழுவதும் சும்மா இருந்துவிட்டு இரவில் கதவு தட்டுவார். போர்ட் பிளேரில் 1983இல் தொடங்கிய மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் இப்படிப்பட்ட எத்தனையோ விஷயங்களை வெளிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தமானில் மழைக்காலத்தில் ஆளைச் சாய்த்த மர்மக் காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான் என்று தெளிந்ததும் அங்கே நடந்த வேலை. தீவில் படிக்கும் செவிலியர் மாணவிக்கு முதல் பாடப்புத்தகம் தீவாக இருக்க வேண்டும்.

கல்விக் கூடங்கள் வராமல் இல்லை. போர்ட் பிளேரில் 2015இல் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 2014க்குப் பின் திறந்த மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களிலேயே 157 செவிலியர் கல்லூரிகள் என்று 2023 பட்ஜெட் அறிவித்தது. அதற்கு 1,570 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக்கு மட்டும் 11. கட்டடம் எழும், ஸ்கில் லேப் வரும், பொம்மை நோயாளிகள் வரும். அந்த லேபில் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில், தனி ஒருத்தியாக ரத்தப்போக்கைச் சமாளித்துப் பார்க்க வைக்கும் ஆசிரியர் வருவாரா என்பதுதான் ஏக்கம்.

நம் பக்கத்துக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே பி.எஸ்சி. நர்சிங் படிப்பு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டபோது, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்கள் பெருகின. மூன்று பேர் என்பதில்தான் சூட்சுமம். ஒருவர் தூங்கலாம், ஒருவர் ஊருக்குப் போகலாம், ஒருவர் டூட்டியில் இருக்கலாம். தனி ஆளாகப் போடப்பட்டவர் 24 மணி நேரமும் டூட்டிதான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் தீவே காய்ச்சலில் படுத்த மாதிரி. ஒதுக்குப்புறத் தீவில் ஒருவரைப் போடுவதைவிட இருவரைப் போடுவது ஆடம்பரம் என்று எந்த நிதித்துறையும் சொல்லக் கூடாது.

தனிமையைக் குறைக்க இன்னொரு வழி தொலைத்தொடர்பு. 2000களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே ஜி.பி. பந்த் மருத்துவமனையும் சென்னை போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் இணைக்கப்பட்டன. இங்குள்ள நிபுணர் அங்குள்ள நோயாளியின் இ.சி.ஜி.யைத் திரையில் பார்க்க முடிந்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் ஃபைபர் கேபிள் போய்ச் சேர்ந்தது. போர்ட் பிளேர் மட்டுமல்லாமல் கார் நிக்கோபார், கமோர்த்தா, கிரேட் நிக்கோபார், லிட்டில் அந்தமான் வரை. திரையின் அந்தப் பக்கம் நிபுணர் பேசும்போது இந்தப் பக்கம் கையை வைத்துப் பார்ப்பது செவிலியர்தான். வயிறு கல்லாக இருக்கிறதா, நெகிழ்ந்திருக்கிறதா. நாடி நிதானமா, ஓட்டமா. அவர் கை சொல்வதை நம்பித்தான் நிபுணர் முடிவெடுக்கிறார். ஆகவே நாடி, அழுத்தம், போன ரத்தம், போட்ட மருந்து, போட்ட நேரம் என்று ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகச் சொல்லத் தெரிவதும் இன்றைய செவிலியரின் திறமை. மாணவியர் இதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும், பாட்டு மனனம் செய்வதுபோல.

கடைசியாக, தொடுவதைப் பற்றி. செவிலியர் தொழிலின் முதல் கருவி கை. அந்தமானில் அந்தக் கையே நோய் கொண்டுபோகும் கையாகவும் ஆகியிருக்கிறது. 1858இல் தண்டனைக் குடியேற்றம் வந்த இருபது ஆண்டுக்குள், 1877இல், தட்டம்மை கிரேட் அந்தமானியர் என்னும் ஆதிகுடியினரை வாரிக்கொண்டு போயிற்று. 1996இல் கடம்தலா அருகே கால் முறிந்து கிடந்த ஜாரவா பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞனைத் தூக்கி வந்து ஜி.பி. பந்தில் பல மாதம் வைத்துப் பார்த்தார்கள். குணமாகிக் காட்டுக்குத் திரும்பினான். அதன்பின் 1997 கடைசியில் ஜாரவாக்கள் தாங்களாகவே வெளியே வரத் தொடங்கினார்கள். ஒரு வார்டில் கிடைத்த பராமரிப்புக்கு அதில் பங்குண்டு என்று நம்ப இடமிருக்கிறது. அந்த உறவு அவர்களுக்கு நன்மையாயிற்றா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஏனென்றால் 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அப்போது கடம்தலாவில் அவர்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் ரத்தன் சந்திர கர், 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். 2020இல் கொரோனா கிரேட் அந்தமானியர் பத்துப் பேரைத் தொட்டபோது, மொத்தமே அறுபதுக்குள் இருந்த சமூகம் அது.

அதனால் அந்த மக்களிடம் போகும் செவிலியர் முதலில் பரிசோதிக்க வேண்டியது தன்னைத்தான். தனக்குச் சளி இருக்கிறதா, வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் போகாமல் நிற்க வேண்டும். போகாமல் நிற்பதும் பணிதான் என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம் வேண்டும்.

லாக்ரா டுகாங் கிரீக்கில் சுமார் ஐந்து ஆண்டு இருந்தார். பிறகு போர்ட் பிளேருக்கு மாற்றப்பட்டு, ஜி.பி. பந்தில் ஆதிகுடி நோயாளிகளுக்கான தனி வார்டில் பணியாற்றினார். லிட்டில் அந்தமானிலிருந்து இரவெல்லாம் கப்பலில் வந்து, ஒருபோதும் பார்த்திராத நீண்ட வராந்தா, டியூப்லைட், ஸ்ட்ரெச்சர் இத்தனைக்கும் நடுவே மிரண்டு நிற்கும் ஒரு ஓங்கே தாயை நினைத்துப் பாருங்கள். வார்டின் கதவருகே ஒரு சிஸ்டர் எழுந்து வந்து, அவள் மொழியில், எப்போது கிளம்பினாய் என்று கேட்கிறார்.